ஏற்றி இறக்கும் கிரில்: கொல்லைப்புறத் தணலுக்கு ஏற்றதைத் தேர்வது எப்படி?

உயரம் மாற்றக்கூடிய திறந்த நெருப்பு கிரில்லில் மூன்றே பாகங்கள்தான். கீழே விறகோ கரியோ எரியும் படுகை, மேலே உணவு கிடக்கும் கம்பித்தட்டு, அந்தத் தட்டை ஏற்றி இறக்கும் பொறி. மூடி கிடையாது, எரிவாயுக் குழாய் கிடையாது, திருகினால் கூடிக் குறையும் குமிழும் கிடையாது. மூட்டிய விறகுத் தீயை நினைத்த நொடியில் அடக்க யாராலும் முடியாது. உணவைத்தான் அதிலிருந்து விலக்கவோ அதனருகே கொண்டுபோகவோ முடியும். இந்தக் கருவியில் வெப்பத்தை ஆளும் முதன்மையான வழி தூரம். ஆகவே வாங்குபவர் பார்க்க வேண்டியவை பளபளப்பும் பக்கவாட்டுப் பலகைகளும் அல்ல. தட்டு எவ்வளவு தூரம் நகர்கிறது, நிறுத்திய இடத்தில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது, அதன் கீழே தணல் எப்படி வந்து சேர்கிறது என்ற மூன்றும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

இரண்டு மரபுகள்

சந்தையில் உள்ள உயரம் மாற்றும் கிரில்களில் பெரும்பாலானவை இரண்டு மரபுகளின் வழிவந்தவை. ஒன்று, கலிஃபோர்னியாவின் மத்தியக் கடற்கரையை ஒட்டிய சான்டா மரியா பள்ளத்தாக்கில் பிறந்தது. மற்றொன்று அர்ஜென்டினாவுடையது.

சான்டா மரியாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும் கால்நடைப் பண்ணைகள் இருந்தன. மாடுகளைத் திரட்டிச் சூடு போடும் வேலை முடிந்ததும் பண்ணை உரிமையாளர்கள் வக்கேரோ எனப்படும் மாட்டுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விருந்து வைத்தார்கள். மண்ணில் வெட்டிய குழியில் அந்த வட்டாரத்து ஓக் விறகை எரித்து, அதன் தணலில் மாட்டிறைச்சியை வாட்டினார்கள். காலப்போக்கில் குழி தரைக்கு மேல் எழுந்து இரும்புப் பெட்டியானது. தட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றினால் ஏறி இறங்குவதாக அமைந்தது. 1950-களில் ட்ரை-டிப் என்ற முக்கோண வடிவத் துண்டு இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. உப்பு, மிளகு, பூண்டு இவ்வளவுதான் மசாலா. பிங்கிட்டோ என்ற சிறிய பீன்ஸ், சல்சா, வெண்ணெயில் தோய்த்து வாட்டிய ரொட்டி ஆகியவை துணை உணவுகள். 1978-ல் ஊரின் வணிகர் சங்கம் இந்த விருந்துப் பட்டியலுக்குப் பதிப்புரிமையே பெற்றது. இவ்வகை கிரில்லில் விறகு தட்டுக்கு நேர்கீழேயே எரியும். சுடர் எழும் நேரத்தில் தட்டு உயரத்தில் நிற்கும். விறகு தணலாகப் படியப் படிய அது கீழே இறங்கி வரும்.

அர்ஜென்டினாவின் கிரில்லுக்குப் பர்ரிஷா என்று பெயர். அதில் விறகு தட்டின் கீழே எரிவதில்லை. பக்கத்திலோ பின்புறத்திலோ பிரசேரோ எனப்படும் இரும்புக் கூடை இருக்கும். விறகு அதில் எரிந்து கங்குகளாக உடைந்து, கூடையின் கம்பி இடுக்குகள் வழியே உதிரும். சமைப்பவர் அவற்றை இழுகோலால் வாரித் தட்டின் கீழே வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பரப்புவார். சுடர் உணவைத் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமும் நண்பர்களும் கூடும் அசாடோ விருந்தில் மாட்டு விலா, சொரிசோ, ரத்தத் தொத்திறைச்சி, புரொவொலேட்டா பாலாடைக்கட்டி என்று ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறி இறங்குவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். அவ்வளவு நேரமும் பிரசேரோவில் புதுத் தணல் பிறந்துகொண்டே இருக்கும்.

இவற்றைவிட எளிய வடிவங்களும் உண்டு. ஜெர்மனியின் ஸார்லாந்து மாநிலத்தில் முக்காலியின் உச்சியிலிருந்து சங்கிலியில் ஒரு வட்டத் தட்டு தொங்கும். சங்கிலியை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். தென்னாப்பிரிக்காவின் பிராய் அடுப்புகள் பலவற்றில் செங்கல் சுவர்களில் வெவ்வேறு உயரங்களில் தாங்கிகள் இருக்கும். தட்டை உருவி அடுத்த தாங்கியில் செருக வேண்டியதுதான். குறைந்த செலவில் உயரக் கட்டுப்பாடு வேண்டுவோருக்கு இந்த இரண்டும் நல்ல வழிகள். சங்கிலியில் தொங்கும் தட்டு ஆடும், கனமான துண்டுகளுக்கு ஒத்துவராது. செருகும் தட்டை உணவோடு நகர்த்த இரு கைகளும் தடித்த கையுறையும் தேவைப்படும். இவைதான் அவற்றின் குறைகள்.

உயரம் செய்யும் வேலை

தணலிலிருந்து உணவுக்கு வெப்பம் இரு வழிகளில் போகிறது. ஒன்று, சிவந்த கங்குகள் நேரடியாக வீசும் கதிர்வீச்சு. மற்றொன்று, மேலெழும் சூடான காற்று. மங்கிய சிவப்பில் தெரியத் தொடங்கும் எந்தப் பொருளும் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கும். நன்கு கனன்ற தணல் அதைவிட மிகச் சூடானது. இறைச்சியின் மேல்பரப்பு பொன்னிறமாகி மணம் பெற 140 டிகிரிக்கு மேல் போனால் போதும். இந்த இடைவெளியைச் சமாளிப்பதுதான் உயரத்தின் வேலை.

எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட முடியும். 50 செ.மீ. விட்டமுள்ள சீரான தணல் படுகையின் நடுவே, நேர்மேலே வைத்த ஒரு துண்டைக் கொள்வோம். 10 செ.மீ. உயரத்தில், தணலை ஒட்டி வைத்தால் கிடைக்கும் கதிர்வீச்சில் சுமார் 86 சதவீதம் அதன் மேல் விழும். 20 செ.மீ. உயரத்தில் அது 61 சதவீதம். 40 செ.மீ. உயரத்தில் 28 சதவீதம். படுகையின் விட்டம் 25 செ.மீ. ஆனால் அதே உயரங்களில் முறையே 61, 28, 9 சதவீதம்தான் விழும். அகலமான படுகையில் வெப்பம் மெதுவாகத்தான் குறைகிறது. தட்டு நெடுந்தூரம் ஏறினால்தான் வித்தியாசம் தெரியும்.

இதிலிருந்து வாங்குவோருக்குக் கிடைக்கும் விதி தெளிவானது. கிரில் பெரிதாகப் பெரிதாக, தட்டு ஏறும் தூரமும் பெருக வேண்டும். சிறிய கிரில்லுக்கு 25 செ.மீ. ஏற்றம் போதும். 80, 90 செ.மீ. அகலமுள்ள கிரில்லில் தட்டு தணலிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரம் வரை போக வேண்டும். அகலமாக இருந்தும் 15 செ.மீ. மட்டுமே நகரும் தட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் சக்கரம் சுற்றும், ஆனால் சமையல் அதிகம் மாறாது.

சமைக்கும்போது உயரத்தை அளக்க உள்ளங்கையே போதும். தட்டின் மட்டத்துக்குச் சற்று மேலே கையை நீட்டினால் 2 முதல் 4 நொடிக்குள் பின்வாங்க நேர்ந்தால் அது கடும் வெப்பம். மெல்லிய துண்டுகளைச் சட்டென்று சிவக்க வைக்க அது ஏற்றது. 5 முதல் 7 நொடி தாங்கினால் நடுத்தரம். கோழிக்கும் மீனுக்கும் காய்கறிக்கும் உரியது. 8 முதல் 10 நொடி தாங்கினால் மெல்லிய சூடு. விலா, தொடை போன்ற தடித்த, நார் மிகுந்த துண்டுகளை நிதானமாக வேகவைக்க அதுதான் வேண்டும்.

ஏற்றி இறக்கும் பொறி

பொறியின் தரத்தை மதிப்பிட முதலில் தட்டின் எடை தெரிய வேண்டும். 90 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழமுள்ள தட்டில் 12 மி.மீ. உருட்டுக் கம்பிகளை 25 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தால் 36 கம்பிகள், மொத்தம் 18 மீட்டர். ஒரு மீட்டர் 888 கிராம் என்ற கணக்கில் கம்பி மட்டுமே 16 கிலோ. சட்டத்தையும் இறைச்சியையும் சேர்த்தால் 30 கிலோவை எட்டும். இவ்வளவு எடை நெருப்புக்கு மேலே தொங்குகிறது. பொறி நழுவினால் கங்குகள் சிதறும், சமைப்பவர் மேல் தெறிக்கும்.

சான்டா மரியா பாணியில் ஒரு தண்டின் மீது இரும்புக் கயிறோ சங்கிலியோ சுற்றிக்கொள்ளும். தண்டின் முனையில் கைச்சக்கரம் இருக்கும். தண்டு 5 செ.மீ. விட்டமும் சக்கரம் 40 செ.மீ. விட்டமும் இருந்தால் கைக்கு எட்டு மடங்கு அனுகூலம். 30 கிலோ எடை 4 கிலோவுக்கும் குறைவாகத் தெரியும். சக்கரம் சிறியதானால் ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறு கையில் இடுக்கியைப் பிடிக்க முடியாது.

பூட்டும் முறைதான் இதில் உயிரானது. பற்சக்கரத்தில் கொக்கி விழும் ராட்செட் முறை, துளையில் ஆணி செருகும் முறை, உராய்வுத் தடை, புழுப் பல்லிணை என நான்கு வகை வழக்கில் உள்ளன. புழுப் பல்லிணையில் பளு தானாகச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றாது. கையை எடுத்த இடத்தில் தட்டு நிற்கும். இவற்றில் பெரும்பாலும் விலை கூடியது அதுதான், பாதுகாப்பானதும் அதுதான். ராட்செட் எளியது, உறுதியானது. இறக்கும்போது கொக்கியை விடுவிக்க வேண்டும் என்பதால் அப்போது கவனம் தேவை. உராய்வுத் தடையை மட்டும் நம்பும் கிரில்லில் எண்ணெயும் கொழுப்பும் படிந்தால் பிடி தளரும்.

தட்டு நான்கு மூலைகளிலும் சமமாக ஏற வேண்டும். ஒரே கயிற்றில் தொங்கும் தட்டு, இறைச்சியை ஒரு பக்கம் வைத்ததும் சாயும். இரு பக்கமும் கயிறும், தட்டின் ஓரங்கள் ஓடுவதற்குச் செங்குத்தான வழிகாட்டித் தண்டவாளங்களும் இருப்பது நல்லது. கயிறானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், இழை பிரிகிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். சங்கிலி கனமானது, ஆனால் அதன் தேய்மானம் கண்ணுக்கு எளிதில் தெரியும்.

பெரிய குடும்பங்களுக்குத் தட்டு இரண்டாகப் பிரிந்து தனித்தனியே ஏறி இறங்கும் கிரில் மிகவும் பயன்படும். ஒரு பாதியில் கோழி உயரத்தில் மெதுவாக வேக, மறுபாதியில் மீன் தணலுக்கு அருகே சிவக்கும்.

உருட்டுக் கம்பியா, ‘வி’ வடிவமா?

உருட்டுக் கம்பித் தட்டில் வெப்பம் தடையின்றி மேலே வரும். கொழுப்பு தணலில் சொட்டிப் புகைந்து உணவுக்கு மணம் சேர்க்கும். கழுவுவதும் எளிது. ஆனால் கொழுப்பு மிகுந்த துண்டுகளில் சுடர் குபீரென்று எழும்.

அர்ஜென்டினாக்காரர்கள் பலர் விரும்புவது ‘வி’ வடிவத்தில் மடித்த பட்டைகளாலான தட்டு. தட்டு முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். உருகிய கொழுப்பு ஒவ்வொரு பள்ளம் வழியாகவும் வழிந்து முன்னால் உள்ள தொட்டியில் சேரும். சுடர் எழுவது குறையும். சேர்ந்த கொழுப்பை எடுத்து இறைச்சியின் மேல் தடவவும் செய்யலாம். மீன், காய்கறி, மெல்லிய துண்டுகள் அதிகம் சமைப்போருக்கு உருட்டுக் கம்பியும், கொழுப்புள்ள இறைச்சியை மணிக்கணக்கில் வாட்டுவோருக்கு ‘வி’ வடிவமும் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்த இடம் தரும் கிரில் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பிகளுக்கு இடையே 12 முதல் 15 மி.மீ. இடைவெளி போதும், அதற்கு மேல் போனால் தொத்திறைச்சியும் கத்தரிக்காய்த் துண்டும் நழுவி விழும்.

உலோகமும் கனமும்

மைல்ட் ஸ்டீல் மலிவானது, வெல்டிங் செய்ய எளிதானது, சூட்டைத் தாங்குவது. மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிப் பேணினால் நெடுங்காலம் உழைக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. உணவு படும் தட்டுக்கு அது சிறந்தது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று 304-ஐயும் அரிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 அங்கே கூடுதலாகத் தாங்கும். 430 வகையில் நிக்கல் பெரும்பாலும் இல்லை. விலை குறைவு, துருவை எதிர்க்கும் ஆற்றலும் குறைவு.

ஸ்டெயின்லெஸ் என்றாலே உயர்ந்தது என்று எண்ணி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள மைல்ட் ஸ்டீல் தகடு 500 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. நீளும், 304 தகடு 8 மி.மீ.க்கு மேல் நீளும். ஆகவே மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்த நெருப்புப் பெட்டி கனமான மைல்ட் ஸ்டீல் பெட்டியைவிட எளிதில் நெளியும். பெட்டியின் பக்கங்கள் குறைந்தது 3 மி.மீ., தணல் கிடக்கும் அடித்தகடு 5 அல்லது 6 மி.மீ. இருக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் தீச்செங்கல் பதித்தால் தகடு நேரடிச் சூட்டிலிருந்து தப்பும், தணலின் வெப்பமும் சீராக நிற்கும். தட்டைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பற்றவைக்காமல், நீள்வதற்குச் சிறு இடைவெளி விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் அது வழிகாட்டித் தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ளும். ஏற்றி இறக்க வேண்டிய நேரத்தில் அசையாது.

நாகமுலாம் பூசிய ஜி.ஐ. கம்பிகளையும் தகடுகளையும் நெருப்புப் படும் இடத்தில் சேர்க்கக் கூடாது. நாகம் 419 டிகிரியில் உருகிவிடும். கடும் சூட்டில் எழும் அதன் புகை உடலுக்குத் தீங்கு. உள்ளூர்ப் பட்டறையில் கிரில் செய்யச் சொல்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அளவும் இடமும்

ஒருவருக்கான இறைச்சித் துண்டு, அதைச் சுற்றிய இடைவெளியோடு சேர்த்து, 300 சதுர செ.மீ. இடம் பிடிக்கும் என்று கொள்ளலாம். 90 செ.மீ.க்கு 50 செ.மீ. தட்டின் பரப்பு 4,500 சதுர செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கை வெந்ததை ஒதுக்கி வைக்கவும் திருப்பிப் போடவும் காலியாக விட்டால், ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குச் சமைக்கலாம். நான்கைந்து பேர் கொண்ட வீட்டுக்கு 60 செ.மீ. அகலம் போதும். பிரசேரோ வேண்டுமானால் மொத்த அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை அதற்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பிரசேரோ எல்லோருக்கும் தேவையில்லை. விருந்து ஒரு மணி நேரத்தில் முடியுமானால், கரியை எரித்துப் பரப்பினாலே போதும். மூன்று, நான்கு மணி நேரம் விறகில் சமைக்க விரும்புவோருக்கு அது இன்றியமையாதது. புது விறகை உணவுக்கு நேர்கீழே போட்டால் எழும் கரும்புகை சுவையைக் கெடுக்கும். பக்கத்தில் எரித்துக் கங்காக்கிக் கொண்டுவந்தால் அந்தக் குறை இல்லை.

கிரில்லை வைக்கும் தரை கல், செங்கல், கான்கிரீட் போன்ற எரியாத பொருளாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவர், மரவேலி, கூரை, தாழ்ந்த கிளைகள் ஆகியவற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்கும்படி அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் பல அறிவுறுத்துகின்றன. மூடி இல்லாத கிரில்லில் காற்றின் ஆட்டம் மிகுதி. பின்புறமும் இரு பக்கங்களும் தடுப்புத் தகடு உள்ள வடிவம் வெப்பத்தைக் காக்கும். வழக்கமாகக் காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி கிரில் நிற்க வேண்டும். கராஜுக்குள்ளோ மூடிய திண்ணையிலோ எரிக்கவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்கும்.

விறகும் கரியும்

விறகு கெட்டியான மரமாகவும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். வெட்டிப் பிளந்து குறைந்தது ஆறு மாதம் காய வைத்தால் அந்த நிலைக்கு வரும். சான்டா மரியாவில் ‘ரெட் ஓக்’ என்று வழங்கும் கடற்கரை லைவ் ஓக், அர்ஜென்டினாவில் நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான கெப்ராச்சோ என அந்தந்த ஊர் விறகே அந்தந்த ஊர்ச் சுவையைத் தீர்மானித்தது. அர்ஜென்டினாவில் அல்கர்ரோபோ என்றும் வட அமெரிக்காவில் மெஸ்கீட் என்றும் எரிக்கப்படும் மரங்கள் தமிழ்நாட்டுச் சீமைக்கருவேலத்தின் உறவினங்கள். ராமநாதபுரம் வட்டாரத்தில் கரிமூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலக் கரியும் கிரில்லுக்கு நன்றாகவே உழைக்கும்.

பிசின் நிறைந்த பைன், வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பூச்சிமருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றை எரிக்கக் கூடாது. பழைய வேலிக் கம்பங்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏறியிருக்கக்கூடும். அதன் புகையும் சாம்பலும் நஞ்சு.

உடல்நலம்

கொழுப்பு சுடரில் விழுந்து எழும் புகையிலும், கருகிய இறைச்சியிலும் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய சேர்மங்கள் உருவாகின்றன. இவற்றைக் குறைக்கவும் உயரமே கைகொடுக்கிறது. சுடர் எழும்போது தட்டை உயர்த்துவது, தணல் படிந்த பின்பே உணவை வைப்பது, கருகிய பகுதியை நீக்குவது ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். உயரத்தில் மெதுவாக வேகும் உணவின் உள்சூட்டைக் கண்ணால் அறிய முடியாது. ஊசி முனை வெப்பமானி வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவுப்படி கோழிக்கு 74 டிகிரி, கொத்திய இறைச்சிக்கு 71 டிகிரி, மீனுக்கு 63 டிகிரி. மாடு, ஆடு ஆகியவற்றின் முழுத் துண்டுகளுக்கும் 63 டிகிரிதான். இறக்கிய பின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும்.

பராமரிப்பு

புதிய கிரில்லில் முதல் முறை உணவின்றி நெருப்பு மூட்டி, ஆலை எண்ணெயும் தூசியும் எரிந்துபோகும்வரை விட வேண்டும். பிறகு தட்டில் எண்ணெயை மெலிதாகத் தடவிச் சூடேற்றினால் துருவைத் தடுக்கும் படலம் உருவாகும். ஒவ்வொரு முறையும் சூடு இருக்கும்போதே தட்டைத் தேய்த்துவிட வேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். முழுதும் ஆறிய மறுநாள் அதை வாரி, மூடியுள்ள உலோக வாளியில் போட வேண்டும். மழைநீர் வடிய அடித்தகட்டில் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்ப்பது நல்லது. தண்டின் தாங்கிகளுக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ் போட வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

தட்டின் மேல் ஒரு பக்கமாக 10 கிலோ எடையை வைத்து முழு உயரத்துக்கும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். தட்டு சாயக் கூடாது, சிக்கக் கூடாது. நடுவழியில் கையை எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளக்க வேண்டும். நிலைச்சட்டத்தைப் பிடித்து ஆட்டினால் கால்கள் அசையக் கூடாது. சக்கரம் சமைப்பவர் நிற்கும் பக்கத்தில், நெருப்பின் மேல் கையை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பணம் அளவாக இருந்தால் பக்கப் பலகை, சக்கரக் கால், வண்டி ஆகியவற்றை விட்டுக்கொடுக்கலாம். முழுக் கிரில்லையும் ஸ்டெயின்லெஸ்ஸில் கேட்பதைவிட, மைல்ட் ஸ்டீல் பெட்டியும் ஸ்டெயின்லெஸ் தட்டும் போதும். பிரசேரோவைப் பின்னால் தனியாகச் செய்துகொள்ளலாம். தீச்செங்கலைப் பிறகு பதிக்கலாம். தட்டு நகரும் தூரத்திலும், அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டிலும், அடித்தகட்டின் கனத்திலும் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பின்னாளில் அவற்றைச் சேர்க்க வழியில்லை.